முதல் வரி யாருக்கு? விமானச் சீட்டு முன்பதிவுத் திரையும் கட்டுப்பாட்டு விதிகளும்

மார்ச் 2, மாலை 6.10 (வாசகர் ஒருவரின் கேள்வி)

"அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பணத்தைக் கொட்டிக் கட்டிய சேபர் என்ற முன்பதிவுக் கணினியில் தன் விமானங்களை முதலில் காட்டியது. அதில் என்ன குற்றம்? சொந்தக் கடையில் சொந்தச் சரக்கை முன்வரிசையில் அடுக்க அரசின் அனுமதி வேண்டுமா? அதைத் தடுக்க அமெரிக்க அரசு 1984-இல் போட்ட விதிகள் பொறாமையின் விளைவு என்றே தோன்றுகிறது. டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவர் நீங்கள், பதில் சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு 9.40

கடை உவமை பாதி வரைதான் பொருந்தும். சொந்தக் கடையில் சொந்தச் சரக்கை முன்னால் வைப்பவரை வாடிக்கையாளர் கண்ணால் பார்க்கிறார். பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். சேபர் வைக்கப்பட்டிருந்த இடமோ மூன்றாமவரின் கடை. டிராவல் ஏஜென்சியின் வாசலில் எல்லா நிறுவனங்களின் சீட்டும் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. பயணி ஏஜென்ட்டை நம்பினார், ஏஜென்ட் திரையை நம்பினார், திரையோ ஒரு விமான நிறுவனத்தின் வீட்டுப் பிள்ளை. பயணிக்கு அந்தத் திரை தெரியவே தெரியாது, ஏனென்றால் அதன் முதுகுப்புறம்தான் அவர் பக்கம் இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் கடைக்குச் சரக்கு அனுப்பிய போட்டி நிறுவனங்கள் ஒவ்வொரு பதிவுக்கும் அந்தக் கணினியின் உரிமையாளருக்குக் கட்டணமும் செலுத்தின. தன்னைப் பின்னால் தள்ளுவதற்குத் தானே கூலி கொடுக்கும் நிலையைப் பொறாமை என்று சுருக்கிவிட முடியாது.

மார்ச் 3, காலை 7.25

"தன் பணத்தைக் கொட்டி" என்பதை நான் மறுக்கவில்லை. 1953-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் சென்ற விமானத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி. ஆர். ஸ்மித்தும், ஐ.பி.எம். விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் தற்செயலாக அருகருகே உட்கார்ந்தார்கள். பெயர் ஒற்றுமையில் தொடங்கிய பேச்சு கணினியில் போய் முடிந்தது. நியூயார்க் மாநிலத்தின் பிரையர்கிளிஃப் மேனரில் இரண்டு ஐ.பி.எம். 7090 கணினிகளை வைத்துக் கட்டிய சேபர் 1964-இல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதுவரை அட்டைகளிலும் தொலைபேசியிலும் நடந்த வேலை அது. அந்த உழைப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அது நிறுவனத்துக்குள்ளேயே பயன்பட்ட கணினி. ஏஜென்சி மேசைக்கு அது வந்தது 1976-இல்தான். அதற்கு முன் எல்லா விமான நிறுவனங்களும் சேர்ந்து ஏஜென்ட்டுகளுக்கு ஒரே பொது முன்பதிவு முறைமையைக் கட்டலாம் என்று ஒரு முயற்சி நடந்தது. 1976 ஜனவரியில் யுனைடெட் ஏர்லைன்ஸ் அதிலிருந்து விலகி, தன் அப்பல்லோ முன்பதிவுக் கணினியைத் தானே ஏஜென்சிகளில் வைக்கப்போவதாக அறிவித்தது. சில மாதங்களில் அமெரிக்கனும் சேபரோடு களத்தில் இறங்கியது. அந்தப் பொதுத் திரை பிறந்திருந்தால் இந்தக் கேள்வி-பதில் இழைக்கே வேலை இருந்திருக்காது. (சென்னைவாசிகள் கவனிக்க: இந்த அப்பல்லோ மருத்துவமனை அல்ல, ஆனால் இதில் சேர்ந்தவர்களுக்கும் பில் பெரிதாகத்தான் வந்தது.)

மார்ச் 3, இரவு 10.50

கவுன்டரில் உட்கார்ந்தவன் என்றீர்கள் அல்லவா, அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எழும்பூரில் ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. தேதியையும் புறப்படும் ஊரின் மூன்றெழுத்தையும் சேரும் ஊரின் மூன்றெழுத்தையும் தட்டினால், எண்ணிட்ட வரிகளாக விமானங்கள் வந்து நிற்கும். ஒவ்வொரு வரியிலும் வகுப்பு எழுத்தும் அதையொட்டி ஓர் எண்ணும் இருக்கும். "ஒய் 9" என்றால் அந்த வகுப்பில் 9 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகள் உண்டு என்று பொருள்.

இருக்கையை எடுப்பதற்கான கட்டளையில்தான் விஷயமே இருக்கிறது. எஸ், எஸ், எத்தனை இருக்கை, எந்த வகுப்பு, கடைசியில் வரி எண். "எஸ்எஸ்1ஒய்1" என்று அடிப்போம். அந்தக் கடைசி 1-ஐ என் விரல் எத்தனை முறை யோசித்து அடித்தது என்று இப்போது கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. முன்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், தொலைபேசி அடிக்கிறது, இணைப்பு மெதுவாக இருக்கிறது. அடுத்த பக்கம் பார்க்க இன்னொரு கட்டளை, இன்னொரு காத்திருப்பு. முதல் பக்கத்தில் ஏதோ ஒன்று பயணியின் நேரத்துக்குப் பொருந்தினால் போதும், கை அங்கேயே நின்றுவிடும்.

இது என் சோம்பல் மட்டும் அல்ல. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் ஏஜென்ட்டுகளைக் கவனித்துக் கண்டதும் இதுதான்: பாதிக்கு மேற்பட்ட பதிவுகள் முதல் வரியிலிருந்து, 92 சதவீதம் முதல் திரையிலிருந்து. விமானத் துறைக்காரர்கள் இந்த வரிசையமைப்பை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தார்கள்.

மார்ச் 4, காலை 8.05

"பின்னால் தள்ளினால் என்ன, நல்ல விமானம் தானாக விற்கும்" என்று அதே வாசகர் எழுதியிருக்கிறார். நியூயார்க் ஏர் என்ற சிறு நிறுவனம் 1981-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு நாளொன்றுக்கு 8 விமானங்கள் விட்டது. சேபர் திரையில் அவை அடிக்குத் தள்ளப்பட்டன. பதிவுகள் வற்றின, 8 என்ற எண்ணிக்கை பூஜ்யமாயிற்று. விமானம் அதுவே, நேரம் அதுவே. மாறியது திரையில் அது நின்ற இடம்தான்.

இதை யாரும் ஒளித்து வைக்கவும் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அன்றைய தலைவர் ராபர்ட் கிராண்டல் 1983-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, தங்கள் விமானங்களை முன்னுரிமையோடு காட்டுவதும் அதனால் சந்தைப் பங்கு கூடுவதும்தான் இந்த முறைமையை உருவாக்கியதற்கே காரணம் என்ற பொருளில் நேராகச் சொன்னார். அந்த நேர்மைக்காக அவரை எனக்குப் பிடிக்கும். அந்த வாக்குமூலத்துக்குப் பிறகு விதி வருமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று.

மார்ச் 5, இரவு 9.15

விதிகளைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, அந்தக் கட்டுப்பாட்டையே நடத்திவந்த சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியத்துக்கு 1984 முடிவோடு மூடுவிழா என்று நாள் குறித்தாகிவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போகும் முன் அந்த வாரியம் செய்த கடைசிப் பெரிய காரியங்களில் ஒன்று இந்த விதி. விமானத்தை வரிசைப்படுத்தும்போது அது எந்த நிறுவனத்துடையது என்பதை ஓர் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. பங்குபெறும் நிறுவனங்களுக்குள் கட்டணத்தில் பாகுபாடு கூடாது. ஏஜென்சியோடு போடும் ஒப்பந்தம் 5 ஆண்டைத் தாண்டக் கூடாது. பதிவுகளைப் பற்றிய சந்தைத் தகவலை உரிமையாளர் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மற்ற நிறுவனங்களுக்கும் அதே நிபந்தனையில் தர வேண்டும்.

கடைசி விதியின் அருமை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரியாது. எந்த ஏஜென்சி எந்த ஊருக்கு எந்த நிறுவனத்தில் எத்தனை சீட்டு விற்கிறது என்பது வாரந்தோறும் கைக்கு வந்தால், போட்டியாளருக்கு விற்பவர் யார் என்று பெயர் சொல்லி அடையாளம் கண்டு, அவர் மேசைக்கே போய்ப் பேரம் பேசலாம். வரிசையில் முதலிடம் கிடைப்பதைவிட இது பெரிய வரம்.

ஓட்டை எங்கே என்றால், கட்டணம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற விதி, அது எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே மாதிரி அதிகமாக வாங்கினார்கள். 1988-இல் போக்குவரத்துத் துறை நடத்திய ஆய்வே கட்டணம் செலவைவிட மிக அதிகம் என்று கண்டது. பந்தியில் எல்லோருக்கும் ஒரே அளவு இலை போட வேண்டும் என்று விதி செய்துவிட்டு, மொய் எவ்வளவு என்று கேட்காமல் விட்ட கதை.

மார்ச் 5, இரவு 9.50

சிறு திருத்தம். மேலே நான் எழுதியதைப் படித்தால் 1984-க்குப் பிறகு திரை சுத்தமாகிவிட்டது போலத் தோன்றும். நிறுவனத்தின் பெயரைப் பார்க்காதே என்று விதி சொன்னதும், பெயரைப் பார்க்காமலே அதே விளைவைத் தரும் அளவுகோல்களைத் தேடத் தொடங்கினார்கள். ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று நிறுவனங்களின் எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று வரிகளில் காட்டினால், பாகுபாடு எதுவும் செய்யாமலேயே முதல் திரை நிரம்பிவிடும். போட்டியாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். கவுன்டரில் எனக்கு இது பல நாள் விளங்கவில்லை. மூன்று விமானம் இருக்கிறது என்று பயணியிடம் சொல்லிவிட்டுப் பார்த்தால், மூன்றும் ஒரே நிமிடத்தில் புறப்பட்டு ஒரே நிமிடத்தில் இறங்கும்.

மார்ச் 7, மாலை 4.30

ஐரோப்பாவைக் கேட்டிருந்தார்கள். அங்கே முதலில் வந்தது வழக்கு, விதி அதற்குப் பின்னால். லண்டன் யூரோப்பியன் என்ற சிறு நிறுவனம் பிரஸ்ஸல்ஸுக்கும் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனுக்கும் இடையே குறைந்த கட்டணத்தில் பறக்க விரும்பி, பெல்ஜிய விமான நிறுவனமான சபேனாவின் சஃபீர் முன்பதிவுக் கணினியில் இடம் கேட்டது. உன் கட்டணம் மிகக் குறைவு, தரைப்பணிகளையும் எங்களிடம் ஒப்படைக்கவில்லை என்று சபேனா மறுத்தது. 1988-இல் ஐரோப்பிய ஆணையம் சபேனாவுக்கு 1,00,000 எக்யூ அபராதம் விதித்தது. எக்யூ என்பது யூரோவுக்கு முன்னோடியான கணக்கு நாணயம். தொகை சிறிது, ஆனால் திரையில் இடம் தர மறுப்பதும் ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதுதான் என்பது அங்கே உறுதியாயிற்று.

அதற்குள் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்ஸா, ஐபீரியா, எஸ்.ஏ.எஸ். நான்கும் சேர்ந்து 1987-இல் அமடியஸ் என்ற முன்பதிவு முறைமையைத் தொடங்கிவிட்டன. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கே.எல்.எம். முதலியவை கலிலியோ என்ற இன்னொரு முறைமையின் பக்கம் போயின. 1989-இல் ஐரோப்பாவுக்கான நடத்தை விதிகள் வந்தன. 2009-இல் அவற்றை மாற்றி எழுதினார்கள். அந்த விதிகளின் பின்னிணைப்பை நான் ஒரு சமையல் குறிப்பைப் போல ரசித்துப் படித்திருக்கிறேன். எங்கும் நிற்காத விமானங்கள் புறப்படும் நேரப்படி முதலில் வரவேண்டும், மற்றவை மொத்தப் பயண நேரப்படி அடுத்து. ஒரே விமானத்தை எண் மாற்றி மாற்றிக் காட்டுவதற்கு அங்கே வரம்பு வைத்தார்கள். ரயில் சேவை பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தால், அதில் முன்னணியில் வருவதற்கு முதல் திரையிலேயே ஓர் இடம் தர வேண்டும் என்றுகூட எழுதினார்கள். எப்படி வரிசைப்படுத்தக் கூடாது என்று தடுத்ததோடு நில்லாமல், எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்றும் சொன்னதால் இது அமெரிக்க விதியைவிடத் தெளிவானது என்பது என் கணிப்பு.

மார்ச் 8, காலை 11.20

"அப்படியானால் அமெரிக்கா ஏன் 2004-இல் விதிகளைக் கைவிட்டது?" நல்ல கேள்வி. சேபரை அதன் தாய் நிறுவனம் 2000-இல் முழுமையாகப் பிரித்துவிட்டது. கலிலியோ 2001-இல் கைமாறியது. இன்னொரு முறைமையான வேர்ல்ட்ஸ்பேனை அதன் விமான நிறுவன உரிமையாளர்கள் 2003-இல் விற்றார்கள். தன் விமானத்தை முன்னால் காட்டுவதற்கு உரிமையாளரிடம் விமானமே இல்லை. இணையத்தில் பயணியே நேராகச் சீட்டு வாங்கவும் தொடங்கிவிட்டார். விதிகளில் பெரும்பகுதி 2004 ஜனவரியோடும், வரிசைப் பாகுபாட்டுத் தடை ஜூலையோடும் காலாவதியாயின.

என் கருத்தில் அது சரியான முடிவு. பிரச்சினையின் வேர் உரிமைத் தொடர்பு. வேர் போனபின் வேலி எதற்கு?

மார்ச் 10, இரவு 11.30

முந்தாநாள் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். நான் கவுன்டரை விட்டு வந்த பிறகு நடந்தது என்பதால் 2011-இல் என்ன நடந்தது என்பதை மறந்தே போயிருந்தேன். ஒரு நண்பர் தொலைபேசியில் பிடித்து உலுக்கினார்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ், ஏஜென்சிகளும் இணையதளங்களும் தன் கணினியோடு நேரடியாக இணைய வேண்டும் என்று வற்புறுத்தி, சேபருக்குப் போகும் கட்டணத்தைத் தவிர்க்கப் பார்த்தது. சேபர் என்ன செய்தது? 2011 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் விமானங்களைத் திரையில் கீழே இறக்கியது. பெற்று வளர்த்துப் பெயர் வைத்த தாய் நிறுவனத்தையே! நியூயார்க் ஏருக்கு 1981-இல் நடந்தது முப்பது ஆண்டு கழித்து நடத்தியவருக்கே திரும்பி வந்தது. அமெரிக்கன் டெக்ஸாஸ் நீதிமன்றத்துக்கு ஓடித் தற்காலிகத் தடை வாங்கியது. 2012-இல் சமரசம் ஆயிற்று.

வேர் உரிமைத் தொடர்பு மட்டும்தான் என்று நான் எழுதியது தவறு. விமானமே இல்லாத உரிமையாளருக்கும் வரிசை ஒரு ஆயுதம்தான். தன் சரக்கை விற்பதற்குப் பதிலாக, கட்டணம் கொடுக்க மறுப்பவரை வழிக்குக் கொண்டுவர அது பயன்படுகிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் விதி காலாவதியாகிவிட்டதால் அதைக் காட்டி ஒழுங்குமுறை அமைப்பிடம் போக அமெரிக்கனுக்கு வழி இருக்கவில்லை. முதலில் ஒப்பந்தத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச் 11, காலை 6.55

"நீதிமன்றம்தான் இருக்கிறதே, விதி எதற்கு" என்று எழுதியவருக்கு ஒரு கணக்கு. யுஎஸ் ஏர்வேஸ் 2011-இல் சேபர் மீது போட்டிச் சட்டப்படி வழக்குப் போட்டது. தன்னுடைய குறைந்த கட்டணத்தை வேறெங்கும் காட்டக் கூடாது, சேபருக்கும் எல்லாவற்றையும் தந்தாக வேண்டும் என்பது போன்ற ஒப்பந்த நிபந்தனைகள்தான் புகார். 2016-இல் ஜூரி யுஎஸ் ஏர்வேஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, நட்டஈட்டுத் தொகை மும்மடங்காகி 1.5 கோடி டாலரைத் தாண்டியது. 2019-இல் மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறு விசாரணை. 2022-இல் இரண்டாவது ஜூரி, சேபர் ஏகபோகம் நடத்தியது உண்மைதான் என்று சொல்லி நட்டஈடு நிர்ணயித்தது: 1 டாலர்.

அதற்குள் யுஎஸ் ஏர்வேஸ் என்ற பெயரே வானத்தில் இல்லை. வழக்குக்கு 11 ஆண்டு.

மார்ச் 12, இரவு 10.10

இதுவரை நான் பெரிய நிறுவனங்களையே பேசிக்கொண்டிருந்தேன். பணம் கவுன்டர் வரை எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. முறைமை நடத்துபவர் விமான நிறுவனத்திடமிருந்து ஒவ்வொரு செக்மென்ட்டுக்கும் கட்டணம் வாங்குவார். அதில் ஒரு பங்கை ஏஜென்சிக்கு ஊக்கத்தொகையாகத் திருப்பித் தருவார். செக்மென்ட் என்பது பயணத்தின் ஒரு கட்டம்; சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் போனால் இரண்டு. மாத இலக்கைத் தொட்டால் தொகை கூடும், தொடாவிட்டால் முதலாளியின் முகம் மாறும்.

நான் இருந்த ஏஜென்சியில் மாதக் கடைசி வாரத்தில் முதலாளி என் பின்னால் வந்து நின்று, "தம்பி, இன்னும் எத்தனை?" என்பார். இலக்குக்குக் குறைந்த எண்ணிக்கையை நிரப்ப, யாரும் போகப்போவதில்லை என்று தெரிந்தே சில பதிவுகளைப் போட்டிருக்கிறோம். பிறகு ரத்து செய்வோம். ஒருமுறை அப்படிப் போட்ட பதிவுகளுக்காக ஒரு விமான நிறுவனம் அபராதக் கடிதம் அனுப்ப, அதில் பாதியை என் சம்பளத்தில் பிடித்தார்கள். எனக்கு அன்று கோபம் முதலாளி மேல். இப்போது யோசித்தால், திரையை நடத்துபவர் ஏஜென்ட்டிடம் காசு வாங்காமல் ஏஜென்ட்டுக்கே காசு கொடுக்கும் ஏற்பாடுதான் வினோதமானது. விமான நிறுவனம் கொடுக்கும் பணத்தில் ஏஜென்ட்டை வாங்கி, அந்த ஏஜென்ட்டைக் காட்டி விமான நிறுவனத்திடம் இன்னும் கேட்கலாம். எந்த முறைமை அதிகக் கட்டணம் வசூலிக்கிறதோ அதனால்தான் ஏஜென்ட்டுக்கு அதிகம் கொடுக்க முடியும். போட்டி கூடக்கூட விலை ஏறும் சந்தை இது. 1984 விதியில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

மார்ச் 14, மாலை 5.45

லுஃப்தான்ஸா பற்றிய கேள்விக்கு: 2015 செப்டம்பர் 1 முதல் இந்த முறைமைகள் வழியாகப் பதிவு செய்யும் சீட்டுக்கு 16 யூரோ கூடுதல் கட்டணம் விதித்தது. அமடியஸைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்! தன் இணையதளத்தில் வாங்கினால் அந்தக் கட்டணம் இல்லை. முறைமைகளின் ஆதிக்கத்துக்கு எதிரான கலகம் என்று முதலில் நானும் கைதட்டினேன். பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒப்பிட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்? முழுத் திரையும் ஒருவருக்கே. கேள்வி கேட்ட வாசகரின் கடை உவமை இங்கேதான் முழுமையாகப் பொருந்துகிறது. ஆகவே அதைத் தடுக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் அருகருகே காட்டும் இடங்கள் மெலிந்துபோவதைப் பார்த்தால், 1976-இல் நழுவிப்போன அந்தப் பொதுத் திரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு விதி எழுதும் அதிகாரம் இருந்தால் என்ன எழுதுவேன் என்றும் கேட்டிருந்தீர்கள். உரிமையாளர் யார் என்று பார்த்து விதி செய்ய மாட்டேன். பல நிறுவனங்களின் சீட்டைச் சேர்த்துக் காட்டுகிறவர் எவரானாலும், வரிசை எந்த அளவுகோலில் அமைந்தது என்பதையும், அந்த இடத்துக்கு யாராவது பணம் கொடுத்திருக்கிறாரா என்பதையும் வரிக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பேன். ஏஜென்ட்டுக்குப் போகும் ஊக்கத்தொகையைப் பயணியின் ரசீதில் அச்சிட வேண்டும் என்பேன். இரண்டாவதற்கு என் பழைய முதலாளி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 15, காலை 9.30

நேற்று அக்கா மகள் கைபேசியில் சிங்கப்பூருக்குச் சீட்டுப் பார்த்தாள். மேலே "பரிந்துரைக்கப்பட்டவை" என்ற தலைப்பில் ஒரு பட்டியல். புறப்படும் நேரப்படி மாற்றிப் பார்க்கச் சொன்னேன். முதலில் நின்றது ஏழாவது இடத்துக்குப் போயிற்று. "ஏன் மாமா அதை மேலே வைத்திருந்தார்கள்?" என்றாள். பக்கம் முழுவதும் தேடினோம், எங்கும் எழுதியிருக்கவில்லை. நேரம் வசதியாக இருந்ததால் அவள் ஏழாவதையே எடுத்துக்கொண்டாள்.